அக்கா கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை

அக்காவின் நினைவாக அச்சிட்ட இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். தேவாரமும் புராணமும் முன்பக்கங்களில் இருக்கின்றன. அக்காவின் படமும் இருக்கிறது. செத்தவீட்டில் வைத்த இதே படத்தில் அவர் சிரிக்கவில்லை என்று சிலர் குறைப்பட்டீர்கள். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னால் அக்கா சிரிக்கமாட்டார், சொல்லாவிட்டால் சிரிப்பார். அவருடைய குணமே அதுதான். மிச்சத்தை அவருடைய ஒரே தம்பியாகிய நான் எழுதுகிறேன். எழுத்து எனக்குத் தொழில் அல்ல. இந்த நகரத்தில் பேருந்து ஓட்டுபவன். வழியில் அங்கங்கே நிற்பேன், ஆனாலும் கடைசித் தரிப்பிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

அக்கா பருத்தித்துறையில் பிறந்தவர். ஐயா பாடசாலை எழுதுவினைஞர். அம்மா வீட்டோடு இருந்தார். அக்கா யாழ்ப்பாணத்தில் தாதியாகப் பயின்று, பிறகு மருத்துவிச்சியாகவும் பயின்றார். சண்டைக் காலத்தில் மின்சாரம் இல்லாத மருத்துவமனை விடுதிகளிலும், இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடங்களிலும் பிள்ளைகளை ஏந்தியெடுத்தார். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வரும். “எண்ணி எண்ணிப் பிடிக்க அதென்ன மீனே?” என்பார்.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்தபோது, படித்ததற்கான சான்றிதழ்கள் எதுவும் மிஞ்சவில்லை. படித்த இடத்தில் இருந்த பதிவுகளும் எரிந்துபோயிருந்தன. மருத்துவிச்சி என்று காட்ட அவரிடம் இரண்டு கைகள்தான் இருந்தன. அந்தக் கைகளால் முதலில் ஒரு முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்தார், பிறகு அங்கேயே முதியவர்களைக் குளிப்பாட்டினார். வேலை முடிந்து வந்து படித்து, மறுபடியும் அடியிலிருந்து தாதியாகி, ஸ்காபரோவில் ஒரு மருத்துவமனையின் பிரசவ விடுதியில் சேர்ந்தார். ஐயாவையும் அம்மாவையும் என்னையும் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்ததும் அக்காதான். வோபர்னில் நாங்கள் இன்றைக்கும் இருக்கும் வீடு அவர் பார்த்துப் பார்த்து வாங்கியது. ஏன் கல்யாணம் கட்டவில்லை என்று கேட்டவர்களுக்கு, “மாப்பிள்ளை இன்னும் விசாவுக்கு நிக்கிறார்” என்று கடைசிவரை ஒரே பதிலைத்தான் சொன்னார்.

மருத்துவிச்சியாவதற்கான பட்டப்பின் படிப்புக்கு இங்கே அவருக்கு ஒருமுறை இடம் கிடைத்தது. அந்த வருடம் அம்மா விழுந்து படுக்கையிலானார். பிறகு பார்க்கலாம் என்றார் அக்கா. அந்தப் பிறகு வரவேயில்லை. தாதி வேலையை அவர் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. ஆனால் பிள்ளை வெளியே வரும் நேரத்தில் கையுறையோடு முன்னால் நிற்பது வேறொருவராக இருக்கும். “அந்த நேரம் மட்டும் என்ர கை சும்மா நிக்குதடா தம்பி” என்று ஒருமுறை காரில் வரும்போது சொன்னார்.

அந்த ஏக்கத்தை அவர் சரக்குக்கறியில் தீர்த்துக்கொண்டார். எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பிள்ளை பெற்றவளுக்கு மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு எல்லாம் சேர்த்து அரைத்து, உள்ளி என்கிற வெள்ளைப்பூண்டு போட்டு, மீனோடு காய்ச்சிக் கொடுப்பது. மிளகாய்த்தூள் கிட்டவும் வரக்கூடாது. விடுதியில் தமிழ்ப் பெண் யாராவது பெற்றுக் கிடந்தால், மருத்துவர் ஓம் என்றதும் மறுநாள் அக்காவின் குடுவை அங்கே நிற்கும். தாயின் வீட்டுக்காரர் ஏற்கெனவே கொண்டுவந்திருந்தாலும் நிற்கும்.

மெலிசா எங்கள் வாழ்க்கைக்குள் வந்ததும் இந்தக் குடுவையால்தான். மெலிசா அதே விடுதியில் தாதி. இந்த நாட்டின் முதற்குடி மக்களில் கிறீ இனத்தைச் சேர்ந்தவர். அவருடைய ஊர் ஒன்ராறியோவின் வடக்கே, விமானத்தில் மட்டுமே போகக்கூடிய இடத்தில் இருக்கிறது. அங்கே பிரசவம் பார்க்க ஆள் இல்லை. அதனால் நாள் நெருங்கும் முன்பே பெண்களை விமானத்தில் ஏற்றி நகரங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். தனியாக வந்து, அறையில் காத்திருந்து, முன்பின் தெரியாதவர்கள் நடுவே பெற்று, பிள்ளையோடு திரும்பிப் போகவேண்டும். அப்படி வந்த ஒரு சின்னப் பெண், பிள்ளை பிறந்த பிறகு சாப்பாட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் குடுவையோடு போய் அவள் முன்னால் சோறும் சரக்குக்கறியும் வைத்துவிட்டார்.

மெலிசா அறைக்குள் வந்தார். மணம் மூக்கில் அடித்தது. அக்காவை வெளியே கூப்பிட்டு, “அவளிடம் கேட்டாயா?” என்றார். எங்களுக்கு எது நல்லது என்று எல்லோரும் தங்கள் பாட்டில் முடிவெடுக்கிறார்கள், நீயுமா என்றார். மூத்த தாதியை இப்படி ஒருவரும் பேசியதில்லை. அக்காவுக்கு முகம் சிவந்துபோயிற்று. ஆனாலும் திரும்ப உள்ளே போய், வைத்த தட்டை எடுத்து மூடிக் கையில் வைத்துக்கொண்டு, உனக்கு இது வேண்டுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவள், தன் சித்தியும் பிள்ளை பெற்றவர்களுக்கு மீன் சாறு காய்ச்சிக் கொடுப்பார் என்று சொல்லி அழத்தொடங்கினாள். பிறகு கையை நீட்டினாள். மிஞ்சியதை மெலிசா ருசிபார்த்தார். மிளகு உறைத்ததில் அந்தத் தளத்திலிருந்த தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்த்தார் என்று அக்கா எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்றிலிருந்து இருவருக்கும் “கேட்டாயா?” என்பதே வணக்கம் மாதிரி ஆகிவிட்டது.

ஞாயிறுகளில் மெலிசா எங்கள் வீட்டுக்கு வருவார். இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சொதியை வெள்ளம்போல ஊற்றுவார். அவரும் தன்னுடைய ஊரில் பிறந்தவர் அல்லர். அவருடைய தாயையும் அப்படித்தான் விமானத்தில் ஏற்றினார்கள். பிள்ளை நோஞ்சானாகப் பிறந்ததால் தாய் நகரத்திலேயே நிற்கவேண்டி வந்து, நின்றது நின்றதுதான். ஊருக்கு விடுமுறையில் போய் வந்திருக்கிறாரே தவிர, அங்கே வாழ்ந்ததில்லை.

முதற்குடித் தாதியரும் மருத்துவிச்சிகளும் பட்டப்பின் படிப்புப் படிக்கப் புலமைப்பரிசில் கொடுக்கிறார்கள் என்ற செய்தி விடுதியின் அறிவித்தல் பலகையில் வந்தது. முதலில் கண்டது அக்கா. கண்டதும் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார். மெலிசா மறுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு எங்கள் குசினி அடுப்படியில் அதே பேச்சுத் தொடர்ந்தது. அது உண்மையாக ஊரில் இருப்பவர்களுக்கானது, நான் நகரத்தில் வளர்ந்தவள், என் மொழியில் பாதிதான் எனக்குத் தெரியும், அந்த உதவியில் படித்துவிட்டு என்ன முகத்தோடு அங்கே போய் நிற்பேன் என்றார் மெலிசா. அக்காவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறினால் ஆங்கிலம் இறங்கிவிடும்.

“உன்ர அம்மாவை ஏத்திக்கொண்டு வந்ததாலதானே நீ இஞ்ச வளர்ந்தனி? அது உன்ர பிழையே? உதுக்காகத்தானே உந்தப் புலமைப்பரிசிலே குடுக்கிறாங்கள்! எனக்குச் சான்றிதழ் எரிஞ்சுபோச்சு. உனக்கு ஒண்டும் எரியேல்ல. போய்ப் படியன்!”

மெலிசாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஓம்” என்றார். தமிழில் அவருக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். விண்ணப்பித்தார், கிடைத்தது. கிடைத்த அன்று அக்கா றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க என்னை வேலையிலிருந்து நேரே வரச்சொன்னார். சீருடையோடு போய் உடைத்தேன். தேங்காய் நல்ல பாதியாக உடைந்ததற்கும் பெருமை தனக்கே என்றார்.

மெலிசா படித்த காலம் முழுவதும் அக்காவும் கூடப் படித்தார் என்றுதான் சொல்லவேண்டும். பாடங்களைத் தொலைபேசியில் கேட்பார், இரவல் வாங்கி வாசிப்பார், “நாங்கள் அங்க உதை வேற மாதிரிச் செய்தனாங்கள்” என்று மறுத்துரைப்பார். தனக்குக் கிடைக்காதது இன்னொருவருக்குக் கிடைக்கும்போது வரும் சந்தோசத்துக்குள் ஒரு வலியும் இருக்கும். அக்கா அதை ஒளிக்கவில்லை. “எனக்கும் ஆசையாத்தான் இருக்கு” என்று என் மனைவி வதனியிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

கடைசிப் பயிற்சிக்காக மெலிசா தன்னுடைய ஊருக்குப் போகவேண்டும். மூத்த மருத்துவிச்சி ஒருவரும் கூடப் போகிறார். அங்கே ஒரு பெண், நீங்கள் இருவரும் நின்றால் நான் விமானம் ஏறமாட்டேன், என் வீட்டிலேயே பெறுகிறேன் என்று சொல்லியிருந்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த ஊரில் பிறக்கப்போகும் பிள்ளை. அந்த நேரத்தில்தான் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிந்தபோது அது வயிறு முழுவதும் பரவியிருந்தது.

மெலிசா வந்து கட்டிலில் இருந்துகொண்டு, புலமைப்பரிசிலை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று விசாரித்துவிட்டேன், முடியுமாம், நான் உன்னோடு நிற்கிறேன் என்றார். அக்கா மெல்லத் தலையணையில் நிமிர்ந்து, “என்னிடம் கேட்டாயா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். மெலிசாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “என்ர கையைப் பிடிக்க இஞ்ச தம்பி நிக்கிறான். அங்க அந்தப் பிள்ளையைப் பிடிக்க ஆர் நிக்கினம்?” என்றார் அக்கா. இதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அக்கா சொல்லச் சொல்ல வதனி வறுத்து அரைத்த சரக்குத்தூளை ஒரு போத்தலில் போட்டுக் கொடுத்தோம். மெலிசா போனார்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் நான் கோப்பியோடு அறைக்குள் போனதும் அக்கா கேட்டது ஒரே கேள்வி. “அந்தப் பிள்ளை பிறந்திட்டுதோ?” பார்க்க வந்த உறவினர்கள் சிலர் அவருக்கு நினைவு தடுமாறுகிறது என்று நினைத்தார்கள். தடுமாறவில்லை. நான் “இன்னும் இல்லையக்கா” என்பேன். “முதல் பிள்ளை, ஆறுதலாத்தான் வரும்” என்று தாய்க்கு ஆறுதல் சொல்வதுபோல எனக்குச் சொல்வார். கடைசிக் காலையில் குரல் வரவில்லை. என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான் தலையை ஆட்டி இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம் என்று பிறகு வதனி சொன்னார். பிரசவ விடயத்தில் அக்காவிடம் பொய் சொல்லித் தப்பியவர்கள் கிடையாது.

செத்தவீட்டுக்கு மெலிசா வரவில்லை. கூடப்பிறந்த மாதிரித் திரிந்தவள், எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்று மண்டபத்தில் ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. அவருக்கு இங்கே பதில் சொல்கிறேன். நாங்கள் அக்காவைச் சுற்றி நின்று அழுத அந்த நேரத்தில், மெலிசா அங்கே அந்தப் பெண்ணின் பிரசவ நோவுக்குப் பக்கத்தில் நின்றார். அக்கா அவரை நிற்கச்சொன்ன இடம் அதுதான்.

சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்து வீட்டுக்கு வந்த மத்தியானம் தொலைபேசி அடித்தது. அடுப்பு மூட்டாத வீடு, பக்கத்து வீட்டார் தந்த சோற்றை யாரும் தொடவில்லை. மெலிசா முதலில் வெகுநேரம் அழுதார். நானும் அழுதேன். பிறகு, பிள்ளை பிறந்துவிட்டது, பெண், தாயும் சுகம் என்றார். தாயின் சித்தி ஆற்றில் பிடித்த மீனோடு நிற்கிறார், அக்கா தந்த தூள் கையில் இருக்கிறது, இனி எப்படிக் காய்ச்சுவது என்று கேட்டார். கேட்டுவிட்டு அவசரமாக, “அவளிடம் கேட்டுவிட்டேன், வேண்டும் என்கிறாள்” என்றார்.

நான் வதனியைப் பார்த்தேன். செத்தவீட்டுத் தீட்டோடு நின்றுகொண்டு பிள்ளைப்பேற்றுப் பத்தியம் சொல்லலாமா என்று எனக்குத் தயக்கம். வதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அங்கையும் துடக்கு, இஞ்சையும் துடக்கு. சொல்லுங்கோ” என்றார். எங்கள் பிள்ளைகள் பிறந்தபோது அக்காவுக்குப் பக்கத்தில் நின்று அகப்பையால் துழாவியவன் நான். தூளை முதலில் தண்ணீரில் கரை, உள்ளியை நசுக்காமல் முழுதாகப் போடு, கொதி வந்த பிறகு மீன், கடைசியில் கொஞ்சம் பழப்புளி என்று சொன்னேன். பழப்புளி அங்கே இல்லை. எலுமிச்சை போதுமா என்றார். அக்கா இருந்தால் சண்டை பிடித்திருப்பார். போதும் என்றேன்.

இனி நன்றி. நோயில் அக்காவைத் தூக்கி, துடைத்து, பேசிச் சிரிக்கவைத்த பிரசவ விடுதித் தோழியருக்கும், வீட்டுக்கு வந்து பார்த்த தாதியருக்கும், உலை வைக்காத எங்கள் வீட்டுக்குச் சோறு அனுப்பிய வோபர்ன் அயலவர்களுக்கும், பனியில் வாகனம் ஓட்டி வந்தவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மலர்வளையம் வேண்டாம் என்பது அக்காவின் சொல். அதை மதித்து, முதற்குடித் தாதியரும் மருத்துவிச்சிகளும் படிக்கும் அந்தப் புலமைப்பரிசிலுக்கு உங்களால் ஆனதைக் கொடுத்தவர்களுக்குத் தனியாக நன்றி. இன்னொரு ஊரும் மருத்துவிச்சிக்குக் காத்திருக்கிறது என்று மெலிசா சொல்கிறார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு மெலிசா வருகிறார். இந்தக் கல்வெட்டை வாங்கும்போது வாசலில் அவரைக் காண்பீர்கள். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆகவே யாராவது பக்கத்தில் இருந்து சொல்லுங்கள்.

எனக்கு இன்னும் காலையில் கோப்பியோடு அந்த அறைவரை போய்விடுகிறது கால். வாசலில் நின்று திரும்பிவருகிறேன். அக்கா கேட்டுக் கேட்டு நான் சொல்லமுடியாமல் போனதை இங்கே எழுதிவைக்கிறேன்.

அக்கா, பிள்ளை பிறந்திட்டுது. தன்ர வீட்டிலதான் பிறந்தது. சரக்குக்கறியும் குடுத்தாச்சு.