என் பெயருக்குப் பூக் கேட்ட வெள்ளிக்கிழமை

போன ஆடியில் நான் அழுத அழுகை எங்கள் குலதெய்வம் காளியம்மனுக்குத்தான் தெரியும். இன்று தலை நிமிர்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அது அவள் செய்த வேலை. அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, தாயின் பிள்ளைகளே.

நான் நாமக்கல்லில் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிறவள். ஊரார் பிள்ளைகளின் பெயரையெல்லாம் வண்டி நெற்றியில் எழுதுவேன். கயல்விழி என்ற என் பெயர் மட்டும் ஆதாரில் இல்லை, லைசென்ஸில் இல்லை. திருநங்கை என்று கலெக்டர் ஆபீஸில் சான்று வாங்கியாகிவிட்டது. அரசிதழில் பெயர் மாற்றப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது அம்மாவின் பீரோவில் பூட்டிக் கிடந்தது.

"அம்மன் பூக் குடுத்தா எடுத்துக்க. இல்லீனா அந்தப் பேச்சே இந்த ஊட்டுல வேண்டாம் சாமி" என்றார் அம்மா.

நகல் வாங்கலாம் என்று தோழிகள் சொன்னார்கள். அம்மா கையால் தராத காகிதம் எனக்கு எதற்கு? வீம்புதான். எனக்கு அது கொஞ்சம் அதிகம்.

எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்கு முன்னால் கோவிலில் பூக் கேட்பார்கள். அம்மன் மேல் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். இரண்டு வெள்ளிக்கிழமை போனோம். பிறந்தபோது வைத்த பெயரைச் சொல்லித்தான் அம்மா கேட்டார். பூ எந்தப் பக்கமும் அசையவில்லை. செத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது வெள்ளி, சன்னிதியில் நின்று வேறு வரம் கேட்டேன். "தாயே, பூவை நீயே வைத்துக்கொள். எங்கம்மா வாயில் ஒரே ஒரு தடவை என் பெயர் வரட்டும்."

பூசாரி அம்மாவைப் பார்த்தார். "ரெண்டு வாட்டியும் அம்மன் பதிலே சொல்லலீங்க. பேரு சரிதானுங்களா? இப்ப யாருக்குங்க கேக்கறது?"

அம்மா தரையைப் பார்த்தார். முந்தானையால் வாயைத் துடைத்தார்.

"என்ற மகளுக்குங்க" என்றார். "கயல்விழிக்கு."

பூ வலப்பக்கம் விழுந்ததாம். பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவே பீரோவைத் திறந்தார். தை பிறப்பதற்குள் அரசிதழில் பெயர் வந்துவிட்டது. ஆதாரில் பாலினம் திருநங்கை என்றே போடச் சொன்னேன். ஒளிக்க என்ன இருக்கிறது? அட்டை வந்த அன்று அம்மா தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தார். "போட்டோதான் நல்லா இல்லீங்க" என்று எல்லோரிடமும் ஒரே குறை.

பழைய பெயரை இங்கே எழுத மாட்டேன். அதைச் சொல்லிக் கேட்டபோது அம்மனே திரும்பிப் பார்க்கவில்லை.

என்னைப் போல் கலங்கி நிற்கிறவர்களே, அவள் சன்னிதிக்கு வாருங்கள். அடுத்தவருக்குப் பிடித்த மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வர வேண்டாம். நீங்கள் யாரோ அவராகவே நின்று கேளுங்கள். அவளுக்கு உங்களைத் தெரியும்.