போன் விற்கிறவன் ஒரகடத்துக்குப் பெண் பார்க்கப் போனது

போன ஆவணியில், அதாவது 2013இல், நான் ஒரகடம் பக்கம் போனது ஊர் சுற்ற அல்ல, பெண் பார்க்க. கோவில்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். பெண் முத்துமாரி, சங்கரன்கோவில்காரி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் ஐந்து வருடமாக வேலை. அவள் செய்கிறாள், நான் விற்கிறேன், இதற்கு மேல் என்ன பொருத்தம் வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரே குஷி. பெண்ணுக்கு லீவு இல்லை, நீங்களே போய்ப் பேசுங்கள், பிடித்தால் பெரியவர்கள் வருகிறோம் என்று அவள் அப்பா போனில் சொல்லிவிட்டார். சொஜ்ஜி பஜ்ஜி இல்லாத பெண் பார்த்தல் எங்கள் வம்சத்திலேயே இதுதான் முதல்.

காலை ஏழு மணிக்குத் தாம்பரத்தில் இறங்கினேன். படப்பை வழியாக ஒரகடத்துக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸில் ஒரு மணி நேரம். கூட்டுரோட்டில் ஒரு பலகை முழுக்கக் கொரிய எழுத்து, அதற்குப் பக்கத்திலேயே தெக்கத்திக்காரர் ஒருவரின் மெஸ். உள்ளே எல்லாரும் எங்கள் ஊர்ப் பேச்சுதான் பேசினார்கள். ஆனால் ஒருவர்கூட நிம்மதியாகச் சாப்பிடவில்லை. வாய் இட்லியில், கண் சாலையில், கம்பெனி பஸ் வந்துவிடுமோ என்று. எனக்கும் அந்தப் பரபரப்பு ஒட்டிக்கொண்டது.

முத்துமாரி வரச் சொல்லியிருந்த வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். "இன்னா சார், சாமி கும்டவா, ஆள் பாக்கவா?" என்றார் டிரைவர். ரெண்டும்தான் என்றேன்.

முருகன் ஆளுயரத்துக்கும் மேல். அவரைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தேன். பதினொரு மணிக்கு முத்துமாரி வந்தாள், யூனிஃபார்மில், கழுத்தில் அடையாள அட்டையோடு.

"தப்பா நெனைக்காதீங்க. ஒரு மணிக்கு கம்பெனி பஸ். சேலை கட்டிட்டு வந்தா திரும்ப மாத்த நேரமிருக்காது."

நான் கேட்க நினைத்து வந்ததெல்லாம் மறந்துபோனது. அவள்தான் முதலில் கேட்டாள். "ஒங்க கடைல எங்க போன் ஓடுதா?"

பெருமையாக ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "போன தீவாளிக்குப் பத்துப் பேர் வந்தா எட்டுப் பேர் ஒங்க போன்தான் கேப்பாங்க. இப்ப ரெண்டு பேர். மத்தவங்களுக்கு டச் போன் வேணும். சீனாக்காரன் பாதி விலைக்குக் குடுக்கான்."

"நெனச்சேன்" என்றாள். "ஓவர்டைம் நிப்பாட்டி நாலு மாசமாச்சு. சூப்பர்வைசர் வாயத் தொறக்க மாட்டுக்காரு. ஆளக் கொறைப்பாங்கன்னு பேச்சு, இப்ப லீவு போட்டா மொதப் பேரு நம்ம பேராயிரும். நீங்க போன் கடைன்னு அப்பா சொன்னதும்தான் வரச் சொன்னேன். லைன்ல கூட வேலை பாக்குறவளுவ எல்லாரும் போன் ஓடுதான்னு கேட்டுட்டு வரச் சொன்னாளுவ."

அவள் தம்பி பாலிடெக்னிக்கில் படிப்பது இவள் சம்பளத்தில். நான் விற்கும் சீனா போனில்தான் எனக்கு லாபமே. அங்கே உட்கார்ந்திருக்கவே எனக்குக் கூசியது.

"நம்ம விசயம்?" என்றேன்.

"வேலை நிக்குமா போகுமான்னு தெரியாம, எந்த ஊர்ல குடித்தனம்னு நான் என்னத்தச் சொல்ல?"

சாலைக்கு வந்தோம். கம்பெனி பஸ் வந்து நின்றது. ஜன்னலெல்லாம் பெண்கள், மாப்பிள்ளையைப் பார்க்க ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். முத்துமாரி ஏறி ஏதோ சொன்னாள். முன் ஜன்னலிலிருந்து பின் ஜன்னல்வரை சிரிப்பு நின்றது. பஸ் போய்விட்டது.

அதே ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சார், பொண்ணு வேணாம்னுட்ச்சா?"

ஆமாம் என்றேன். வேறு எதையும் விளக்கத் தெம்பில்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஷிப்டு மாறும் நேரத்தில் சாலையில் மாட்டிக்கொள்ளாதீர்கள், அசையவே முடியாது. கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கம்பெனிப் பிள்ளைகள் வியாபாரம் எப்படி என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். நானும் சொல்லவில்லை. டச் போன், சீனாக்காரன், தீவாளிக் கணக்கு என்று கேட்டதற்கெல்லாம் ஒன்று விடாமல் பதில் சொன்னேன். ரயில் விழுப்புரம் தாண்டும்போதுதான் உறைத்தது, அவளை எனக்குப் பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லவே இல்லை.