லட்சம் சுற்றுச் சக்கரத்துக்கு ஒரு பொட்டு

என் அக்காள் நீலாம்பாளின் மகன் பஞ்சாட்சரம் எஞ்சினியரிங் படித்து முடித்துவிட்டு மூன்று வருஷம் சும்மா இருந்தான். சும்மா என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். ஆராய்ச்சி என்பான். கோபம் வரட்டும் என்றுதான் நானும் சொல்வேன். தாய்மாமன் நான், மடியில் உட்கார வைத்துக் காது குத்தியவன், எனக்கு அந்த உரிமைகூட இல்லையா?

எழுபத்து நாலில் படிப்பை முடித்தான். எஞ்சினியர்கள் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் வாசலில் வரிசை கட்டி நின்ற காலம் அது. ஆனால் இந்த மகாராஜாவுக்கு வேலை வராமல் இல்லை. பட்டுக் கூட்டுறவு சங்கத்தில் கூப்பிட்டார்கள், போகவில்லை. பாலிடெக்னிக்கில் வாத்தியார் வேலை என்றார்கள், மாட்டேன் என்றான். அவனுக்கு வேண்டியது டர்போசார்ஜர். அதைத் தவிர வேறு எதையும் கையால் தொட மாட்டானாம். காலேஜ் லைப்ரரியில் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு ஜெர்மன் காரின் படத்தைப் பார்த்திருக்கிறான். அன்றைக்குப் பிடித்தது சனி.

"அது என்னடா சாமான்?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டேன். என் தலையெழுத்து.

"மாமா, கார் வெளியே விடுற புகை வீணாத்தானே போவுது? அந்தப் புகையை விட்டு ஒரு சக்கரத்தைச் சுத்த வைக்கறது. அதே தண்டுல அந்தப் பக்கம் இன்னொரு சக்கரம் இருக்குது. அதுவும் கூடவே சுத்தி, வெளிக் காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து அதிகம் போனா எஞ்சினுக்குப் பலம் அதிகம்."

"அதாவது நான் ஊதித் தள்ளின பீடிப் புகையை வெச்சே அடுத்த பீடியைப் பத்த வைக்கறது?"

"மாமா, உங்ககிட்டப் போய்ச் சொன்னேன் பாருங்க."

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அவனுக்குப் புகை எஞ்சினியர் என்று பேராகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவன் செய்த காரியங்களும் அப்படி. வாலாஜாபாத்தில் ரைஸ்மில் வைத்திருக்கும் வீராசாமி என் சிநேகிதர். அவர் மில்லின் டீசல் எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்று நச்சரித்து அழைத்துப் போனான். புகைக்குழாய் வாயில் தகரத்தில் வெட்டிய சக்கரம் ஒன்றைப் பொருத்தினான். எஞ்சின் கிளம்பியதும் சக்கரமும் கிளம்பியது. கூரையில் மோதி, திரும்பி வந்து, நெல் அவிக்கும் தொட்டியில் விழுந்தது. இவன் முகமெல்லாம் கரி. பல் மட்டும்தான் வெள்ளை. அந்த வெள்ளைப் பல்லைக் காட்டிக்கொண்டு, "சுத்துச்சு மாமா, பாத்தீங்களா, சுத்துச்சு!" என்று குதிக்கிறான். வீராசாமி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஊர் சிரித்தது, நானும் சிரித்தேன். சிரிக்காதவள் என் அக்காள் ஒருத்திதான். "அவன் கேக்கற வேலை எங்கியோ இருக்குது. இல்லாததையா கேக்கறான்?" என்பாள். மூன்று வருஷமும் அவனுக்குச் சட்டை துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி மடித்து வைத்தது அவள்தான், நாளைக்கே கூப்பிட்டுவிடுவார்கள் என்பது போல.

கடைசியில் கூப்பிட்டேவிட்டார்கள். அம்பத்தூரில் ஒரு கம்பெனி. லாரி எஞ்சினுக்கு இந்த டர்போவைச் செய்துகொண்டிருந்தவர்கள், காரில் வைத்தால் எப்படி இருக்கும் என்று பரீட்சை பண்ணிப் பார்க்க ஒரு ஆளைத் தேடினார்கள். இன்டர்வியூவில், "இந்த வேலை எதுக்கு வேணும்?" என்று கேட்டார்களாம். இவன் ஆரம்பித்திருக்கிறான். எதிரே இருந்தவர்கள் டீ வரவழைத்துக் குடித்து, மறுபடியும் வரவழைத்துக் குடித்து, போதும்பா என்று கும்பிட்டார்களாம். வேலை கிடைத்துவிட்டது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று ஒரு வார்த்தையும் கூடவே.

என் அக்காள் புருஷன் பரமசிவம் வாயைத் திறப்பதே அபூர்வம். பட்டு இழை அறுந்துவிடும் என்று தறி வீட்டு ஜன்னலைக்கூட மூடியே வைத்திருக்கிற மனுஷன். சங்கதியைக் கேட்டு, தறியை நிறுத்தாமலே, "காத்து ஊதற வேலைக்கா இவ்ளோ படிச்சான்?" என்று மட்டும் கேட்டார். அக்காள் அதற்கெல்லாம் அசருகிறவளா? கச்சபேஸ்வரர் கோயிலில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி, "என் புள்ள காருக்கு மூச்சு குடுக்கறான்" என்று சொன்னாள். பாதிப் பேருக்கு விளங்கவில்லை. அவளுக்கும்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு யார்தான் மறுகேள்வி கேட்பார்கள்?

ஆறாம் மாதம் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குக் கம்பெனிக்குள் வீட்டு ஆட்களையும் விடுவார்கள். "அம்மாவைக் கூட்டிக்கினு வாங்க மாமா" என்று பஞ்சாட்சரம் சொல்லி அனுப்பினான். அத்தான் தறிக்குப் பூஜை போட வேண்டும் என்று நின்றுவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் போனோம். வாழைமரம், தோரணம், சூடம், பொரி கடலை, மெஷினுக்கு மெஷின் மாலை. நடுவில் ஒரு பழைய கறுப்பு அம்பாசிடர், வாயைப் பிளந்த மாதிரி முன்மூடி திறந்து நின்றது. மாப்பிள்ளையைக் காட்டுவது போலக் காட்டினான்.

"இதாம்மா. இந்த நத்தை மாதிரி இருக்குது பாரு, இதான் டர்போ."

"இதுல எதுடா ஓடும்?"

காற்றுக்குழாயை இன்னும் மாட்டவில்லை. டர்போவின் வாய் திறந்து கிடந்தது. விரலை நீட்டிக் காட்டினான். "உள்ள பாரு. அந்தக் குட்டிச் சக்கரம். நிமிஷத்துக்கு லட்சம் சுத்து."

"லட்சமா!" என்று அக்காள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்குள் மேனேஜர் சிட்டிபாபு அவனைக் கூப்பிட்டார், ஓடினான். நான் பொரிப் பக்கம் போனேன். இதற்கு நடுவில் என் அக்காள் செய்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மற்றவர்கள் எல்லாம் சந்தனத்தைக் காரின் முகத்தில், மெஷினின் நெற்றியில் வைத்தார்கள். எங்கள் தறிக்காரர் வீட்டு வழக்கம் வேறு. எது ஓடுகிறதோ அதற்குத்தான் முதல் பொட்டு. தறிக்கட்டைக்கு அப்புறம்தான், ஊடை இழையைச் சுமந்துகொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடுகிற நாடாவுக்கு முதலில். என் அக்காள் வழக்கம் தவறாதவள். டர்போவின் வாய்க்குள் கையை விட்டு, அந்தக் குட்டிச் சக்கரத்தின் விசிறி இலை ஒன்றில் நல்ல கெட்டிச் சந்தனமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்து, தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

விஜயதசமி முடிந்து பரீட்சை. முதலாளிகள் எல்லாம் வந்து நின்றார்களாம். காற்றுக்குழாயை மாட்டி எஞ்சினைக் கிளப்பியிருக்கிறார்கள். முதலில் நல்ல விசில். இவன் முகத்தில் சிரிப்பு. அடுத்து ஊளை. அப்புறம் நீலப் புகை. அப்புறம் சத்தமே இல்லை. பிரித்துப் பார்த்தால் சக்கரம் ஒரு பக்கமாக உரசித் தேய்ந்து, தண்டு கருகி நாசம். ஒரு இலையின் அடியில் மட்டும் காய்ந்த சந்தனம், ஓரத்தில் சிவப்பு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"யார் பண்ணது இது?" என்றார் சிட்டிபாபு.

"நான்தான் சார்" என்றான் பஞ்சாட்சரம்.

சிட்டிபாபு அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, கெட்ட சக்கரத்தை எடுத்துக்கொண்டு ரூமுக்குள் போய்விட்டாராம். நிரந்தர ஆர்டர் வர வேண்டிய மாதம் அது. வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவன் சோற்றில் கோலம் போட்டுக்கொண்டிருந்தான். "மெஷின் கெட்டுப் போச்சும்மா" என்றதோடு சரி. நான் அவனைச் சர்வதீர்த்தக் குளக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னான். லட்சம் சுற்று வேகத்தில் ஒரு பக்கம் அந்தப் பொட்டுக் கனம் கூடினாலே போதுமாம், சக்கரம் ஆடி உரசி நாசமாகிவிடுமாம்.

"அட மடையா! அம்மா தெரியாம வெச்சுட்டாங்கன்னு சொன்னா அவங்க என்ன தூக்குலயா போட்டுருவாங்க?"

"சிரிப்பாங்க மாமா. என்னைப் பாத்துச் சிரிச்சாங்க, பரவால்ல. அம்மாவைப் பாத்துச் சிரிக்கறதை என்னால பாக்க முடியாது. சொல்லிடாதீங்க."

எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க அவன் மண்டையில் ஒரு குட்டு வைத்தேன். ஆனால் சொல்லாமல் இருப்பதாவது! மூன்று வருஷத் தவத்தை ஒரு பொய்யில் கரைத்துவிட்டு வந்து நிற்கிறான், நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருப்பேனா? அவன் மெட்ராஸ் பஸ் ஏறியதும் நேரே போய் அக்காளிடம் போட்டு உடைத்தேன்.

அவள் அழவில்லை. "எது ஓடுதோ அதுக்குத்தானே வெச்சேன்?" என்று ஒரு தரம் கேட்டாள். அவ்வளவுதான். விடிந்ததும் புடவை மாற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றாள். "கெளம்பு."

பூந்தமல்லியில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, அம்பத்தூர் போய்ச் சேர்ந்தோம். கேட்டில் இருந்தவன் என்ன வேணும் என்றான். அவனைத் தாண்டி நடந்தாள். நான்தான் பின்னால் கும்பிட்டுக்கொண்டே போனேன்.

சிட்டிபாபு ரூமில் நின்று, "ஐயா, என் புள்ள வைக்கலை. அந்தப் பொட்டை நான்தான் வெச்சேன். தண்டிக்கறதுன்னா என்னைத் தண்டிங்க" என்றாள்.

அவர் எழுந்துவிட்டார். "உக்காருங்கம்மா. அவன் வைக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும். அந்தச் சக்கரத்துல ஒரு மயிரிழை கனம் கூடியிருக்குதுன்னு ஒரு வாரம் என் உசிரை வாங்கினவன் அவன். அவனாவது சந்தனம் அப்பறதாவது! யாருக்காகப் பொய் சொல்றான்னுதான் தெரியாம இருந்தது." ஆள் அனுப்பிப் பஞ்சாட்சரத்தைக் கூப்பிட்டார்.

வந்தவன் எங்களைப் பார்த்ததும் என்னை முறைத்தான். முறைக்கட்டும். அக்காள் எழுந்தாள். மகனைக் கட்டிக்கொண்டு அழப் போகிறாள் என்று நினைத்து நான் துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். பளார் என்று அவன் முதுகில் ஒன்று விழுந்தது.

"யாருடா உன்னைக் கேட்டது? சிரிப்பாங்களாமே! நாலு பேர் சிரிச்சா என் பல்லு கொட்டிடுமா? மூணு வருசமா ஊரே உன்னைப் பாத்துச் சிரிச்சுது, நான் தாங்கிக்கினு இல்ல? நீ இந்த வேலைக்குப் போவேன்னுதானேடா தாங்கினேன்! அதையா எனக்காகத் தூக்கிப் போடுவே?" இன்னொரு அடி. "நான் கெடுத்தா நான் சரி பண்ணுவேன். உன்னை எவன் குறுக்க வரச் சொன்னான்?"

அப்புறம்தான் அழுதாள். அவனும் அழுதான். கண்ணாடிக்கு வெளியே நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தனும் சிரிக்கவில்லை. துண்டு எனக்குத்தான் பயன்பட்டது.

சிட்டிபாபு தொண்டையைச் செருமினார். "அம்மா, திட்டி முடிச்சிட்டீங்களா? முடிச்சிட்டா ஆளை அனுப்புங்க. புதுச் சக்கரம் வந்து கெடக்குது. ஆர்டர் அடுத்த மாசம்தான் தருவேன். அந்த ஒரு மாசம் பொய் சொன்னதுக்கு."

அக்காளுக்கு முதலில் விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். "வேலை இருக்குதுக்கா" என்றேன்.

முந்தானையால் அவன் மூஞ்சியை அழுத்தித் துடைத்தாள், ஐந்து வயசுப் பிள்ளைக்குத் துடைப்பது போல. பிறகு அடித்த அதே முதுகில் கையை வைத்து வாசல் பக்கம் தள்ளினாள்.

"போடா. சார் வேலைன்னு சொல்றாரு, நின்னுக்கினு இருக்கியே."