படம் வாங்கியாச்சு

பவானிபூரில் மெட்ரோ ஏறப் போகிற வழியில் ஃப்ரேம் போடும் கடை ஒன்று. அதன் கண்ணாடிக்குள் அந்தப் படத்தை மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷர் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. முழுக்க நீலம், நடுவே ஒரு கறுப்புக் கோடு, ஓரத்தில் காவி தேய்த்த மாதிரி ஒரு திட்டு. படித்து வந்த ரசனை இல்லை என்னுடையது, பார்த்துப் பார்த்து வந்தது. பிடித்தால் பிடித்ததுதான்.

கடைக்காரர் என்னை தாதா என்பார். நம் ஊரில் தாதா என்றால் ஆளே வேறு, இங்கே வங்காளத்தில் அண்ணன். இது அச்சடித்த நகல்தானே என்று கேட்டேன். மனிதர் அசரவில்லை. அசல் எங்கேயோ பூட்டுக்குள் கிடக்கும், தாதா, மாட்டிவைத்துப் பார்க்கத்தான் நகல் என்றார். வியாபாரப் பேச்சுதான். ஆனாலும் என்ன அழகான பேச்சு. வாங்கிவிட்டேன்.

சால்ட் லேக்கில் புது ஃப்ளாட்டுக்கு வந்து ஒரு மாதம். ஹாலுக்கு ஒரு படம் வேண்டும் என்று மனைவி தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்ஸியிலிருந்தே போன் செய்து, படம் வாங்கியாச்சு என்றேன். பெரிசா என்றாள். நல்ல பெரிசு என்றேன். விளக்கு வைக்கலாமா என்றாள். இவளுக்குள் இவ்வளவு ரசனையா என்று பூரித்துப்போய், மேலேயிருந்து விளக்குப் போட்டால் பிரமாதமாக இருக்கும் என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் கிழக்குச் சுவரைத் துடைத்து, கீழே கோலம் போட்டு, குத்துவிளக்கும் வைத்திருந்தாள். எதிர் ஃப்ளாட் வங்காளி அம்மாவும் வந்திருந்தார். அவரை பௌதி என்போம், அண்ணி மாதிரி. காகிதத்தைப் பிரித்ததுமே பௌதி பழக்கத்தில் கைகூப்பிவிட்டார். மனைவி விரலில் குழைத்த சந்தனத்தோடு படத்தை மேலிருந்து கீழாகத் தேடினாள்.

“ஏங்க, இதுல சாமி எங்க?”

அப்போதுதான் உறைத்தது. அவளுக்குப் படம் என்றால் சாமி படம், மற்றதெல்லாம் காலண்டர்.

பௌதி கூப்பிய கையை இறக்காமலே, ரொம்ப சாந்தமாக இருக்கிறது, எந்தக் கோயில் என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தனத்தைத் தன் கழுத்திலேயே தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முருகனோடு வாங்க என்று சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

முருகன் வருவார், இதுவும் போகாது என்று நானும் சொல்லிவிட்டேன்.

மறுநாளே லேக் மார்க்கெட்டில் நம்மூர் சாமான் விற்கிற கடையிலிருந்து வள்ளி தெய்வானையோடு முருகன் வந்தார். கிழக்குச் சுவரில் ஏறினார், சந்தனம் வைத்துக்கொண்டார். நீலப் படம் பீரோவுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. இவளிடம் வாதாடி ஜெயித்ததில்லை, காத்திருந்து ஜெயித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுத் திரும்பியவள், சோபாவுக்கு மேலே வெறுமனே இருந்த எதிர்ச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“முருகனுக்கும் எதிர்ல பாக்க ஏதாவது வேணுமில்ல? அதக் கொண்டாந்து மாட்டுங்க.”

சுத்தியல் எடுத்துவந்தேன். ஆணி எந்த உயரத்தில் என்று அவளே சுவரில் விரல் வைத்துக் காட்டினாள்.