பதினொரு விரிசலும் ஒரு பொதுச்சுவரும்

அரசாங்க அறிவிப்பைப் பக்கத்து வீட்டுக் கதவில்தான் ஒட்டினார்கள். என் கதவில் ஒட்டவில்லை. என் கவலை அங்கே ஆரம்பித்தது.

ஜெலுத்தோங்கில் ஒரு லோரோங்கின், அதாவது சந்தின், மூலையில், ஒரே கூரையின் கீழ், நடுவில் ஒரே சுவரோடு இரண்டு வீடுகள். மூலை வீடு பாயுடையது. நாசி கண்டார் சோற்றுக் கடையை நெடுங்காலம் நடத்தி, பிறகு மகன்களிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பவர். உள்வீடு என்னுடையது. நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து பாரந்தூக்கி இறக்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணி எழுதுவது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு எண்ண மூட்டை இல்லையே தவிர, பழக்கம் போகவில்லை. மூட்டை இல்லாததால் வீட்டுச் சுவரில் இருந்த விரிசல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மொத்தம் பதினொன்று. அதில் ஏழு அந்தப் பொதுச்சுவரில்.

அறிவிப்பு சொன்னது இதுதான்: சாலையை அகலப்படுத்தப் பாயின் வீட்டை அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது, இழப்பீடு தரும். நில அளவையாளர்கள் வந்து தரையில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டார்கள். கோடு எங்கள் பொதுச்சுவரின் அடியில் வந்து நின்றது.

எல்லோரும் பாய்க்காக வருத்தப்பட்டார்கள். எனக்காக வருத்தப்பட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. என் வீடு பாயின் வீட்டின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது. எங்கள் கூடத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தால், அது தானாகப் பாய் வீட்டுப் பக்கம் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நிற்கும். அவர் வீட்டை இடித்துவிட்டால் என் வீடு எதன் மேல் சாயும்? விழுந்தால் எனக்கு ஒரு காசு வராது. என் வீட்டைத்தான் யாரும் எடுக்கவில்லையே.

ஆகவே நில அலுவலகத்துக்கு மனு கொடுத்தேன். என் வீடும் நிற்கத் தகுதியற்றது, அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. விரிசல்களின் நீளம், அகலம் எல்லாம் எழுதினேன். பத்து காசு நுழையும் விரிசல் மூன்று, ஐம்பது காசு நுழையும் விரிசல் ஒன்று என்பது வரை.

மறுநாளே பாய் வாசலில் வந்து நின்றார்.

"என்னண்ணே, என் சுவரு விழப்போகுதுன்னு எழுதிக் குடுத்துட்டீங்களாமே?"

"உங்க சுவருன்னு எழுதல பாய். என் சுவருன்னுதான் எழுதினேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே லா."

"ஒண்ணுதான். என் பக்கம் ஏழு வெடிப்பு."

"என் பக்கம் ஒண்ணுகூட இல்ல."

"நீங்க எண்ணிப் பாத்ததில்ல."

"நான் எதுக்கு எண்ணணும்? நீங்க தினமும் எண்ணி எண்ணித்தான் அது பெருசாயிருச்சு."

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கட்டடம் நல்ல நிலையில் இருக்கிறது என்று காட்டினால்தான் அவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். கட்டடம் மோசம் என்று காட்டினால்தான் எனக்கு ஏதாவது கிடைக்கும். சுவர் என்னவோ ஒன்றுதான்.

மதிப்பீட்டாளர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் பாய் வெள்ளை சிமெண்ட் வாங்கி வந்து, தன் பக்கத்து விரிசல்களை அடைக்க ஆரம்பித்தார். இல்லாத விரிசல்களை எதற்கு அடைக்கிறார் என்று நான் கேட்கவில்லை. என் பக்கத்தில் நான் ஒரு ஸ்குரூட்ரைவரை வைத்துக்கொண்டு, பழைய சாயம் மறைத்திருந்த விரிசல்களைச் சுரண்டித் தெளிவாக்கிக்கொண்டிருந்தேன். அங்கே அவர் கரண்டியால் அழுத்த, இங்கே ஐம்பது காசு விரிசலிலிருந்து வெள்ளை சிமெண்ட் பற்பசை மாதிரி வெளியே வந்தது. நான் அதைச் சுரண்டி எடுத்தேன். அவர் மறுபடி அழுத்தினார். மறுபடி வந்தது.

"அண்ணே, சிமெண்டு எங்க போகுதுன்னே தெரியல," என்றது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல்.

"இங்கதான் வருது பாய்."

கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப காசு குடுங்க," என்றார்.

எங்கள் இருவருக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை இருந்தது. அந்தச் சுவரில், சமையலறைப் பக்கம், ஒரு ஓட்டை உண்டு. என் மனைவியும் பாயின் மனைவியும் கல்யாணமாகி வந்த புதிதிலிருந்து குழம்பு, பலகாரம் எல்லாம் பரிமாறிக்கொள்பவர்கள். மழை நாளில் சூடான பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாகச் சுற்றிப் போக முடியவில்லை என்று இருவரும் சேர்ந்து எங்களை நச்சரித்தார்கள். நான் நான்கு செங்கல் எடுத்தால் போதும் என்றேன். பாய் எட்டு எடுத்தால்தான் பிரியாணிச் சட்டி நுழையும் என்றார். ஆறு எடுத்தோம். மேலே தாங்குவதற்கு ஒன்றும் வைக்கவில்லை. அப்போது எங்களுக்கு அது தோன்றவேயில்லை. ஏழு விரிசலில் நான்கு அந்த ஓட்டையின் மூலைகளிலிருந்து கிளம்புகின்றன என்பதை நான் மனுவில் எழுதவில்லை. அனுமதி இல்லாமல் நாங்களே இடித்தது தெரிந்தால் இரண்டு பேர் கதையும் முடிந்துவிடும். ஆகவே என் பக்கம் ஒரு நகைக்கடை காலண்டரை மாட்டினேன். பாய் தன் பக்கம் ஒரு திரைத்துணி போட்டார். மனைவிமார்களிடம், அதிகாரி போகும்வரை ஒன்றும் கொடுக்கவோ வாங்கவோ வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லிவைத்தோம்.

மதிப்பீட்டாளர் நம் தமிழ்ப் பெண்தான். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்ததாகச் சொன்னார். தலையில் ஹெல்மெட், கையில் டார்ச் லைட். முதலில் பாய் வீட்டைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார். பாயும் கூடவே வந்துவிட்டார். என் சுவரைப் பற்றி நான் சொல்வதை மறுக்க ஆள் வேண்டுமாம்.

"இது ஈரத்துல வந்த கோடும்மா," என்றார் பாய், முதல் விரிசலைக் காட்டுமுன்பே.

"விரல் போகுது பாய்."

"உங்க விரல் ஒல்லி."

அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்க்காமல் எழுதிக்கொண்டே வந்தார். சமையலறையில் நுழைந்தார். நான் ஆறாவது விரிசலைக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது காலண்டர் மெல்ல முன்னால் வந்தது. அதன் கீழிருந்து கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை நீண்டது. கையில் மூடி போட்ட பாத்திரம்.

"அக்கா, சீக்கிரம் வாங்கிக்குங்க, சுடுது."

என் மனைவி அத்தனை வருடப் பழக்கத்தில் போய் வாங்கிக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது அவர்களுக்குள் உள்ள வழக்கம். குழம்பை வேறு கிண்ணத்தில் ஊற்றி, பாத்திரத்தைக் கழுவி, இரண்டு வாழைப்பழம் வைத்து, காலண்டரைத் தூக்கி, திருப்பிக் கொடுத்தாள். கை உள்ளே போனது. காலண்டர் விழுந்து ஆடியது.

அந்தப் பெண் எல்லாவற்றையும் நின்று பார்த்தார்.

"அங்கிள், இது யாரு கை?"

"கை எங்களோடதுதான்," என்றார் பாய் வேகமாக. "ஓட்டை அவரோடது."

"ஓட்டை ரெண்டு வீட்டுக்கும்," என்றாள் என் மனைவி. "இவங்க ரெண்டு பேரும்தான் போட்டாங்க. நல்லாப் போட்டாங்கம்மா, ஒரு தடவைகூட சிந்தினதில்ல."

மதிப்பீட்டாளர் காலண்டரைக் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்தார். வெளிச்சம் பாய் மனைவியின் முகத்தில் விழுந்தது.

"சாப்புட்டியாம்மா? மீன் தலைக் குழம்பு. அந்த அக்கா குடுப்பாங்க, சாப்புட்டுட்டுப் போ."

அந்தப் பெண் சாப்பிடவில்லை. ஓட்டையின் மேல்விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஒரு செங்கல் ஆடியது.

"மேல தாங்க ஒரு லிண்டல்கூட இல்ல. ரெண்டு வீடும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்குது அங்கிள். ஒண்ணை இடிச்சா இன்னொண்ணு நிக்காது. ரெண்டையும் எடுக்கச் சொல்லித்தான் எழுதணும்."

எனக்கு நிம்மதியில் நாற்காலி தேவைப்பட்டது. பாய்க்கும் தேவைப்பட்டது, வேறு காரணத்துக்காக. வீட்டில் நல்ல நாற்காலி ஒன்றுதான். அவருக்குக் கொடுத்தேன்.

அந்த நிம்மதி முதல் மதிப்பீடு வரும்வரைதான். இறுதி விசாரணைக்கு முன் இதுதான் உத்தேசத் தொகை என்று இருவருக்கும் சொல்லி அனுப்பினார்கள். நிலத்துக்கு ஏதோ போட்டிருந்தார்கள். கட்டடத்துக்கு, 'சிதைந்த நிலை' என்று போட்டு, பேருக்கு ஒரு தொகை. அந்த வெள்ளியை வைத்துக்கொண்டு ஜெலுத்தோங்கில் ஃபிளாட் வாங்க முடியாது. கடலைத் தாண்டி மாக் மண்டின் என்ற ஊர்ப்பக்கம் தொழிற்சாலைகளுக்கு நடுவில் பார்த்தால் கிடைக்கலாம்.

"அங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்றாள் மனைவி. அன்று ஓட்டைப் பக்கம் வெகுநேரம் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் இந்தப் பேச்சை விட்டுவிட்டு எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பாய் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். நானே போனேன்.

"பாய், ரெண்டு பேரும் சேர்ந்து ஆட்சேபிக்கலாம். கட்டடம் நல்லா இருக்குன்னு."

அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "யாரு கட்டடம்?"

"நம்ம கட்டடம்."

"போன மாசம் விழுந்துரும்னீங்க."

"போன மாசம் அவங்க எடுக்க மாட்டேன்னாங்க. இப்ப எடுக்கறாங்க. எடுக்கறது உறுதியான பிறகு நல்லா இருந்தா என்ன தப்பு?"

பாய் வெகுநேரம் சிரித்தார். கடையில் கல்லாவில் உட்கார்ந்து சிரிப்பது போன்ற சிரிப்பு. பிறகு எழுந்துபோய் மிச்சமிருந்த வெள்ளை சிமெண்டை எடுத்து வந்தார்.

ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, மதிப்பீட்டாளர் மறுபடி பார்க்க வருவதற்கு முன் இருவரும் வேலையை முடித்தோம். அவர் தன் பக்கமிருந்து சிமெண்டை அழுத்துவார். அது வெளியே வராதபடி நான் என் பக்கம் ஒரு பலகையை வைத்துத் தோளால் முட்டுக் கொடுத்து நிற்பேன். "பிடிச்சிருக்கீங்களாண்ணே?" "பிடிச்சிருக்கேன்." தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய சாயத்தை இரண்டு பக்கமும் அடித்தோம். ஓட்டையின் மேல் ஒரு கனமான மரச்சட்டம் செருகினோம். ஓட்டையையே அடைத்துவிடலாம் என்றேன். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில், இரண்டு பக்கமிருந்தும், முடியாது என்றார்கள்.

அந்தப் பெண் வந்தார். புதுச்சாயம் அடித்த சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"அங்கிள், போன தடவை பதினொண்ணுன்னு சொன்னீங்க. இப்ப எத்தனை?"

பாய் என்னைப் பார்த்தார். ஒரு பெட்டி குறைந்தாலும் கப்பலை நிறுத்திவைத்தவன் நான். பொய்க் கணக்குச் சொல்ல எனக்கு வராது. மூடிய ஏழைக் கழித்து நான்கு என்று சொன்னால் பொய். பதினொன்று என்று சொன்னால் மாக் மண்டின்.

"எண்ணலம்மா," என்றேன்.

அதே நேரம் மனைவியின் காய்கறிக் கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் விழுந்தது. அது அந்தப் பெண்ணின் காலணிகளைத் தாண்டி, அவசரமில்லாமல் உருண்டு, பாய் வீட்டுச் சுவரில் முட்டி நின்றது. நாங்கள் நான்கு பேரும் அதைப் பார்த்தோம்.

அவர் குனிந்து எடுத்து மனைவியிடம் கொடுத்தார். "இன்னிக்கு என்ன குழம்பு ஆன்ட்டி?" என்று கேட்டார்.

விசாரணையில் தொகை கூடியது. பாய் கேட்ட அளவுக்கு இல்லை, நான் பயந்த அளவுக்குக் குறைவாகவும் இல்லை. 'சிதைந்த நிலை' என்பதை 'பழையது, பராமரிக்கப்படுவது' என்று மாற்றியிருந்தார்கள். அந்தப் பணத்தில் ஜெலுத்தோங்கிலேயே ஒரே பிளாக்கில் இரண்டு ஃபிளாட் கிடைத்தது. அடுத்தடுத்துக் கிடைக்கவில்லை. பாய் மேல் மாடி, நாங்கள் நேர் கீழ் மாடி. இடையில் இருப்பது கான்கிரீட். பெண்கள் இருவரும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார்கள்.

இப்போது மேலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்குகிறது. பாய் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். ஆடாமல் இறக்குங்கள் என்று நான் கீழே நின்று சொல்கிறேன். மீன் குழம்பு ஒன்று, ஊறுகாய் ஒன்று, பழைய பாத்திரம் இரண்டு. துறைமுகத்தை விட்டு வந்த பிறகு, என் தலைக்கு மேலிருந்து சரக்கு இறங்குவது இதுதான் முதல் தடவை. சரிபார்த்து வாங்கி வைக்கிறேன்.