வெள்ளைப் பெட்டி

சிவதர்சினியைப் பற்றி நல்லதாக நாலு சொல் எழுத எனக்கு மனமில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தர்மபுரத்து வாசிகசாலையில் நாலு கணினிகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பொறுப்பு அவள்தான். முப்பது வயது இருக்கும். சொந்த இடம் உடையார்கட்டு. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது பக்கத்தில் விழுந்த ஷெல்லில் வலது காது போய்விட்டது. சண்டை முடிந்து செட்டிகுளம் அகதி முகாமில் கிடந்து, பிறகு கிளிநொச்சியில் கணினி படித்து, இங்கே வந்து சேர்ந்தாள். யாராவது அவளோடு கத்தினால் அந்தச் செவிட்டுக் காதைத் திருப்பிக் கொடுப்பாள். அவ்வளவு திமிர்.

வந்த முதல் மாதமே காசில்லாமல் கிடைக்கிற ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டு, பந்தயத் தளம், கூடாத படத் தளம், விளம்பரம் என்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டாள். பெடியள் கொதித்தார்கள். ஒருத்தன் அவளுடைய சைக்கிளுக்குக் காற்றைத் திறந்துவிட்டான். அவள் அதை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த நாள் காற்றடிக்கிற பம்மையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தாள்.

என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கனடாவில் ஒரு தமையன். அம்மா கடைசிக் காலத்தில் அவனோடு இருந்து, ஆறு வருடத்துக்கு முன் அங்கேயே மோசம் போனா. இணையத்தில் போட்ட மரண அறிவித்தலில் பிள்ளை என்று அவன் பெயர் மட்டும்தான் இருந்தது. என் பெயர் இல்லை. உலகத்துச் சனமெல்லாம் பார்க்கிற அறிவித்தல். பெற்ற தாய்க்கு நான் பிள்ளை இல்லையா? போனில் கேட்டேன்.

“அவசரத்தில விட்டுப்போச்சடா,” என்றான்.

“உன்ர பேர் விட்டுப்போகேல்லையே!” என்று கத்திப்போட்டு, அவன் நம்பரையும் அவன் மகளின் நம்பரையும் அழைப்பு வராதபடி என் போனில் அடைத்தேன்.

அன்று தொடக்கம் விடிந்ததும் தேத்தண்ணியும் கையுமாக அந்த மரண அறிவித்தல் தளத்தைத்தான் பார்ப்பேன். அவனுக்கு இருதய வருத்தம் என்று கேள்வி. அவன் செத்தால் அறிவித்தலில் என் பெயரைப் போடுகிறார்களா, அப்போதும் விடுகிறார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதற்காகத்தான் பார்த்தேன்.

அந்தத் தளத்தில் ஒருநாள், ‘உங்கள் போனில் பதின்மூன்று வைரஸ்’ என்று சிவப்பாக மின்னியது. பயத்தில் அதை விரலால் அமத்திவிட்டேன். அதோடு போனுக்குப் பேய் பிடித்தது. அம்மன் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் வைகாசிப் பொங்கல் திகதியைப் பார்க்கத் திறந்தால், உடுப்பில்லாமல் ஒருத்தி சிரிக்கிறாள்.

“பாலன் அண்ணை, இந்த வயசிலயோ?” என்றான் வீரையா. என் வயலுக்குப் பக்கத்து வயல்காரன். மானம் கப்பலேறிவிட்டது.

வாசிகசாலைக்கு ஓடினேன். சிவதர்சினி போனைத் துப்புரவாக்கி, விளம்பரம் அடைக்கிற சாமானையும் ஏற்றினாள்.

“இது ஓசிச் சாமானோ?” என்றேன்.

“காசில்லைத்தான் ஐயா. ஆனா ஆரோ மினக்கெட்டு எழுதி, எல்லாருக்கும் எண்டு விட்டிருக்கினம். ஓசி எண்டு சொல்லாதேங்கோ.”

“சரி, எல்லா விளம்பரத்தையும் அடை.”

“நீங்கள் பாக்கிற தளத்தில புது மரண அறிவித்தலும் விளம்பரமாத்தான் வாறது. அதுவும் அடைபடும். அந்த இடத்தில வெள்ளைப் பெட்டிதான் தெரியும். அறிவித்தலுக்கு மட்டும் திறந்து விடட்டோ?”

“எனக்குப் படிப்பிக்க வாறியோ? எல்லாம் எண்டால் எல்லாந்தான்!”

செவிட்டுக் காதைத் திருப்பிக்கொண்டு, எல்லாவற்றையும் அடைக்கிற பொத்தானை அமத்தினாள். “வெள்ளைப் பெட்டியைக் கண்டால் இந்தக் கேடயப் படத்தை ஒருக்கால் தட்டிப் பாருங்கோ,” என்றாள். நான் போனைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு போன் சோக்காக இருந்தது. தளத்தில் பழைய அறிவித்தல்கள் கீழே கிடந்தன. மேலே வெள்ளையாக ஒரு பெட்டி. “வெளிநாட்டுச் சனம் சாகிறதை விட்டிட்டுது போல,” என்று மனிசிக்குப் பகிடி விட்டேன்.

வைகாசிப் பொங்கல் வந்தது. அம்மனுக்குப் பானை வைக்கும் முறை இந்த வருடம் எனக்கு. தலை தோய்ந்து, வேட்டி கட்டி, பானையை அடுப்பில் ஏற்றிப் பாலும் விட்டேன். சனம் சுற்றி நின்றது. போனை நோண்டிக்கொண்டு நின்ற வீரையா திடீரென்று என் கையைப் பிடித்தான்.

“அண்ணை, விடுங்கோ! உங்களுக்குத் துடக்கு. தமையன் செத்து ஒன்பது நாளாம். இஞ்ச பாருங்கோ, கிடக்கு.”

ஐயர் இரண்டு அடி பின்னுக்குப் போனார். கூடப்பிறந்தவன் செத்தால் முப்பத்தொரு நாள் கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. சண்டை என்றாலும் துடக்கு துடக்குத்தான். என் கண்ணுக்கு முன்னால் பானையை இறக்கி வேம்படியில் கவிழ்த்தார்கள். பால் மண்ணில் ஓடியது. ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதே வேட்டியோடு வாசிகசாலைக்குப் போனேன்.

“எடியே! என்ர தமையன்ர சாவை அடைச்சவள் நீ! ஊருக்கு முன்னால என்னைக் கேவலப்படுத்திப்போட்டாய்!”

அவள் செவிட்டுக் காதைத்தான் தந்தாள். கையை நீட்டி என் போனை வாங்கினாள். கேடயத்தைத் தட்டினாள். வெள்ளைப் பெட்டியில் தமையனின் முகம் வந்தது. நரைத்துப் போயிருந்தான். முறைப்படி மனைவி, பிள்ளைகள் பெயர்தான் முதலில் வரும். இதில் அவர்களுக்கும் முதல், தாய் தகப்பன் பெயருக்கு அடுத்த வரியிலேயே, ‘தர்மபுரத்தைச் சேர்ந்த பாலனின் ஆருயிர்ச் சகோதரரும்’ என்று இருந்தது.

அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். ஆனாலும் வாய் அடங்கவில்லை.

“பேரைப் போடத் தெரியுது. ஒரு போன் கோல் எடுத்துச் சொல்லத் தெரியாதோ அவையளுக்கு?”

அவள் போனில் இன்னும் எதையோ திறந்து, மேசையில் என் பக்கமாக வைத்தாள். அடைபட்ட அழைப்புகள். தமையனின் மகள் பதினொரு தரம் எடுத்திருக்கிறாள். அதற்குக் கீழே வேறு ஒரு நம்பர். அவனுடையது. சாவதற்கு முதல் நாள், மூன்று தரம்.

“இது நான் அடைச்சதில்லை ஐயா,” என்றாள்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். ஆறு வருடமாக அவன் அறிவித்தலில் என் பெயர் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேனே பாவி, அவன் குரலை அல்லவா அடைத்து வைத்திருந்தேன்.

“திறந்து விடட்டோ?” என்று கேட்டுவிட்டு, நல்ல காதை என் பக்கம் திருப்பினாள்.

“திற பிள்ளை,” என்றேன். அவளுக்கு அது கேட்டது.

இரண்டு நம்பரையும் திறந்தாள். மகளின் நம்பருக்கு நான் எடுக்கலாம். மற்ற நம்பரில் இருந்து இனி யார் எனக்கு எடுக்கப் போகிறார்கள்?