பால்காரம்மாவின் கால்

எங்கள் கொடைக்கானல் வீட்டுக்குப் பால் ஊற்றும் அம்மா, சேலைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர் போட்டிருப்பார். எங்கே ஏறினாலும் செருப்பைக் கழற்றிவிடுவார்.

என் பழைய காரின் பிரேக் குழாயில் காற்று புகுந்து, பெடல் பஞ்சாக அமுங்கியது. ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். வேறு ஆளில்லாமல் அவரைக் கூப்பிட்டேன். செருப்பை வாசலில் விட்டு ஏறி, சொன்னபோதெல்லாம் மிதித்தார். பெடல் இறுகியது. அவரையும் வைத்துத் தெருவில் ஓட்டிப் பார்த்தேன்; பிரேக்கை மிதித்ததும் வண்டி நின்றது.

“இறங்கிக்குங்கம்மா, வத்தலக்குண்டு வரைக்கும் போகணும்.”

“நானும் வாரேன். மிதிச்சது எங்காலு. ஒங்கள மட்டும் அனுப்பிட்டு வீட்ல எப்பிடிங்க உக்கார்றது?”

மலையிறங்கும்போது, வளைவுக்கு வளைவு அவருடைய வெறுங்கால் பெடலில்லாத தரையை அழுத்திக்கொண்டே வந்தது. வண்டியை நிறுத்தியது என் கால் மட்டும்தான் என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.